கார்ட்ரிஜில் மை நிரப்பியது: ஊசி, பஞ்சு, காற்றுத் துளை

என் பிரிண்டரில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது பழைய கார்ட்ரிஜ்தான். அதனோடு வந்த மை தீர்ந்து ரொம்ப நாளாகிறது. அதற்குப் பிறகு வீட்டிலேயே ஊசி வைத்து நிரப்பி ஓட்டுகிறேன். எழுத்து ஓரம் பிசிறாமல் கறுப்பாக விழுகிறது, தண்ணீர் பட்டாலும் கரைவதில்லை. இந்த நிலைக்கு வருவதற்குள் மை வீணானது, ஒரு கார்ட்ரிஜ் முழுசாகவே போனது. எந்தக் கட்டத்தில் என்ன ஆனது என்று வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் கோயில் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கும் உதவும்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். சாயங்காலம் வீட்டு முன்கூடத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர்கள். பயிற்சித் தாளை நானே தட்டி, நானே அடித்துக் கொடுக்கிறேன். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்து பெரிதாக, தடிப்பாக இருந்தால்தான் ண எது, ன எது, சுழி எத்தனை என்று கண்ணில் நிற்கும். ஆகவே மை நிறையப் போகும்.

பிரிண்டர் கேனன் எம்.ஜி. 2570எஸ். கறுப்புக்கு பி.ஜி. 745, கலருக்கு சி.எல். 746. கறுப்பில் 8 மில்லி மை இருக்கும். 180 பக்கம் அடிக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சாதாரண எழுத்துள்ள பக்கத்துக்குப் போட்டது, என் தடித்த எழுத்துக்கு அவ்வளவு வராது. நான் கடைசியாக வாங்கியபோது கறுப்பு ஒன்று 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். 180 பக்கமே வந்தாலும் பக்கத்துக்கு 33 சென். பிள்ளைகளிடம் தாளுக்குக் காசு வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். அதனால்தான் நிரப்புவதில் இறங்கினேன்.

முதலில் மை. பட்டணத்துக் கடையொன்றில் 'எல்லாப் பிரிண்டருக்கும் ஆகும்' என்று ஒரு கறுப்பு மைப் பாட்டில் கிடைத்தது. நிரப்பினேன், அடித்தேன், எழுத்தும் வந்தது. கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் மழையில் நனைந்து வந்த ஒரு பிள்ளையின் தாளைப் பிரித்தால், வரிகள் ஊதாவாக இழுத்துக்கொண்டு பக்கம் முழுக்கப் பரவியிருந்தன. நனையாத தாள்களிலும் வியர்த்த கை பட்ட இடமெல்லாம் கறை.

விஷயம் இதுதான். மையில் இரண்டு வகை. ஒன்று சாய மை. அது தண்ணீரில் கரைந்த நிறம், தாளுக்குள் ஊறிவிடும். இன்னொன்று பிக்மென்ட் மை. அது கரையாத கரித்துகளைத் தண்ணீரில் மிதக்க வைத்தது, தாளின் மேலேயே படிந்து நிற்கும். பி.ஜி. 745இல் கம்பெனியே ஊற்றிக் கொடுப்பது பிக்மென்ட். சி.எல். 746இன் மூன்று நிறமும் சாயம். நான் வாங்கியது சாயக் கறுப்பு. கார்ட்ரிஜின் அடியில் மை வெளியேறும் நுண்துளைகள் உள்ள பகுதியைத்தான் மூக்கு என்கிறேன். சாயக் கறுப்பு அந்த மூக்கிலும் ஓடும், ஆனால் 70 கிராம் தாளில் எழுத்தின் ஓரம் மயிர்மயிராகப் பிசிறும், தண்ணீர் பட்டால் போய்விடும். கார்ட்ரிஜுக்குள் மிச்சமிருக்கும் பிக்மென்ட்டோடு சாயம் கலந்தால் துகள் திரண்டு மூக்கு அடைக்கவும் வாய்ப்பு உண்டு. பாட்டிலில் பிக்மென்ட் என்று எழுதியிருக்கிறதா, எந்த கார்ட்ரிஜுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. நான் பிறகு ஷாப்பி என்ற இணையக் கடையில் 745க்கென்றே சொல்லி விற்கும் பிக்மென்ட் கறுப்பு 100 மில்லி வாங்கினேன், 18 வெள்ளி. வந்த அன்றே ஒரு வரி அடித்து, பத்து நிமிடம் காயவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சொட்டு எழுத்தின் மேலேயே உருண்டு நின்றது. துடைத்தபோது எழுத்து அப்படியே இருந்தது. இப்போது எந்தப் பாட்டில் வாங்கினாலும் முதலில் இந்தச் சோதனைதான்.

அடுத்தது ஊசி. பார்மசியில் 5 மில்லி சிரிஞ்ச், பச்சைத் தலை வைத்த 21ஆம் நம்பர் ஊசி, ஒன்றரை அங்குல நீளம். இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளி ஐம்பது சென். ஊசி முனை கூராக இருக்கக் கூடாது. கார்ட்ரிஜின் அடியில், மூக்குக்கு மேலே மெல்லிய வலை ஒன்று இருக்கிறது, கூர்முனை அதைக் கிழித்துவிடும். உப்புத்தாளில் முனையை நான்கைந்து தடவை தேய்த்துத் தட்டையாக்கி, உள்ளே தூள் போகாமல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டேன்.

கார்ட்ரிஜின் மேல் லேபிளை மெதுவாக உரித்தால் அடியில் சிறு துளை தெரியும். அதைத் தொட்டு வளைந்து வளைந்து ஓடும் ஒரு காடியும், அதாவது மெல்லிய பள்ளமும், தெரியும். அந்தக் காடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது முக்கியம். உள்ளே இருப்பது பஞ்சு. மை அந்தப் பஞ்சில் ஊறியிருக்கிறது. இதைக் காலிப் பாட்டில் என்று நினைத்து மேலிருந்து ஊற்றினால் மேல்பஞ்சு மட்டும் நனைந்து, அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். முதலில் எனக்கு நடந்ததும் அதுதான். 5 மில்லியும் சரசரவென்று ஏற்றினேன். மேலே மை பொங்கி வழிந்தது, பிரிண்டரில் போட்டால் பாதி வரி வெள்ளை. உள்ளே மை இருக்கிறது, மூக்குக்கு இறங்கவில்லை.

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் டிரசர் ஐயாதான். நான் அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதையில்) பேப்பர் விரித்து ஊசியோடு போராடுவதைப் பார்த்து வந்து உட்கார்ந்தார். சிரிஞ்சைக் கையில் வாங்கி, முனையை மேலே தூக்கி, உள்ளே இருந்த குமிழியைத் தட்டி மேலேற்றி வெளியே தள்ளினார்.

"ஊசியை அடி வரைக்கும் விடும்மா. முட்டினதும் ஒரு நெல்லளவு மேலே தூக்கு. அப்புறம் கட்டைவிரலை வெச்சு மட்டும் இரு, அழுத்தாதே. அதுவா போகும்."

"எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?"

"ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம் வெச்சுக்கோ. ஊறவிடு. அவசரப்பட்டா வீங்கிக்கும்."

அதுதான் முறை. ஊசி அடியில் இருந்தால் மை கீழிருந்து மேலே ஏறும், பஞ்சில் இருந்த காற்று மேல் துளை வழியாகத் தானே வெளியேறும். ஒரு மில்லி விட்டு நிறுத்துவது, கொஞ்சம் பொறுப்பது, அடுத்த மில்லி. துளை ஓரத்தில் பளபளவென்று மை எட்டிப் பார்த்தால் அதற்கு மேல் விடக் கூடாது. எட்டிப் பார்த்ததில் அரை மில்லியைத் திருப்பி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 8 மில்லிக் கார்ட்ரிஜ்தானே என்று எட்டையும் ஏற்ற முடியாது. பஞ்சில் பழைய மை எப்போதும் கொஞ்சம் இருக்கும். 5 மில்லி போதும்.

நிரப்பியதும் நேராகப் பிரிண்டரில் போடுவதில்லை. டிஷ்யூத் தாளை நாலாக மடித்து, அதன் மேல் மூக்கை மெதுவாக வைத்து எடுக்கிறேன். மூக்கின் அகலத்துக்கே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் விட்டுப்போகாமல், திட்டாகப் பரவாமல் விழுந்தால் மை சரியாக இறங்கியிருக்கிறது. பட்டை பாதிதான் விழுந்தால் காற்று மாட்டியிருக்கிறது. மை உறிஞ்சுவதற்கென்று விற்கும் ரப்பர் மூடியை மூக்கின் மேல் அழுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சால் அரை மில்லி உறிஞ்சினால் சரியாகிவிடும். வைத்த இடத்தில் கறை வளர்ந்துகொண்டே போனால் மை கூடிவிட்டது, மேலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். செப்புப் புள்ளிகள் உள்ள பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். அங்கே மை காய்ந்தால் பிரிண்டர் கார்ட்ரிஜை அடையாளம் காணாது.

ஊசியைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய ஊசி ஒன்றில் சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாகப் பட்டிருக்கிறது. உடனே முனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது. சூடு பட்டால் மையில் குமிழி எழும், குமிழி மையைத் தள்ளும். இந்தக் கார்ட்ரிஜின் மூக்கில் இருக்கும் நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் பின்னாலும் அதே வேலைதான் நடக்கிறது. இதைப் படித்த பிறகுதான் என் முதல் கார்ட்ரிஜ் ஏன் செத்தது என்று புரிந்தது. தீரட்டும், தீர்ந்ததும் நிரப்பலாம் என்று எழுத்து வெளுத்துப் போகும்வரை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குட்டிச் சூடேற்றிகளைக் குளிர வைப்பதும் மைதான். மை இல்லாமல் அவை வேலை செய்தால் கருகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நிரப்பினாலும், எவ்வளவு கழுவினாலும் அந்த வரிகள் திரும்பி வரவில்லை. வெளுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நிரப்புவது என்பதை அன்றோடு பிடித்துக்கொண்டேன்.

ஆனால் எப்போது தீரும் என்று எப்படித் தெரியும்? பிரிண்டர் மையை அளப்பதில்லை, விட்ட சொட்டுகளை எண்ணிக்கொண்டு வருகிறது. நாம் நிரப்பியது அதற்குத் தெரியாது. மை தீர்ந்திருக்கலாம் என்று இ13 காட்டும், பிறகு தீர்ந்துவிட்டது என்று இ16. ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிஜுக்கு மை பார்ப்பதை நிறுத்திவிட்டு அடிக்கத் தொடங்கும். அப்புறம் கணக்கு நம் பொறுப்பு. இதற்கு நான் கண்ட வழி எடை. கேக் செய்ய மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு வீட்டில் இருக்கிறது. ஒரு மில்லி மை ஏறத்தாழ ஒரு கிராம். நிரப்பிய அன்று எடையைப் பார்த்து, மார்க்கர் பேனாவால் கார்ட்ரிஜின் பக்கவாட்டில் எழுதிவைக்கிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு தடவை நிறுப்பேன். 5 கிராம் குறைந்திருந்தால் 5 மில்லி. கண்ணாடிக்கூண்டு மாதிரி வெளியே தெரியாத பஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது அந்தக் காடி. நிரப்பிய பிறகு லேபிள் பசை போய்விட்டதால், மை காயக் கூடாதே என்று மேலே செலோடேப்பை இழுத்து நன்றாக ஒட்டினேன். முதல் ஐந்தாறு பக்கம் அருமையாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே வரவர வெளுத்தது. கார்ட்ரிஜை எடுத்து நிறுத்தால் மை நிறைய இருக்கிறது. டேப்பைப் பிரித்தபோது 'ப்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. மை வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். முழுக்க மூடினால் உள்ளே இழுவை ஏற்பட்டு மை இறங்காது. முழுக்கத் திறந்து வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு மை காயும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் அந்த நீளமான காடி. துளையையும் காடியையும் டேப்பால் மூடி, காடியின் கடைசி முனையை மட்டும் திறந்து விட வேண்டும். டேப் காடிக்குள் அமுங்காதபடி லேசாக ஒட்ட வேண்டும். அன்றிலிருந்து வெளுப்பு இல்லை.

கலர் கார்ட்ரிஜை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை, படம் ஒட்டும் பயிற்சிக்கு மட்டும்தான். அதில் மூன்று துளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிஞ்ச், நிறத்துக்கு 2 மில்லிதான். எந்தத் துளை எந்த நிறம் என்று இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பாமல், துளைக்கொரு பல்குச்சி விட்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கூடுதலாக விட்டால் பக்கத்து அறைக்கு வழிந்து மஞ்சள் பச்சையாகும். அப்படி ஆனபோது முழு மஞ்சள் கட்டம் போட்ட தாள்களை அடித்து அடித்து நிறம் தெளிய வைத்தேன்.

பள்ளி விடுமுறையில் பிரிண்டர் சும்மா கிடந்தால் மூக்கு காயும். சோதனைப் பக்கத்தில் கோடுகள் விட்டுவிட்டு வரும். உடனே டீப் கிளீனிங் அழுத்தத் தோன்றும், அழுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அது நிறைய மையை உறிஞ்சி, பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிறைய ஆரம்பித்தால் இ08 வரும், அதற்கு மேல் பிரிண்டருக்கே செலவு. நான் செய்வது: டிஷ்யூவை மடித்து, வெதுவெதுப்பான வடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீரில்) நனைத்து, அதன் மேல் மூக்கை ஐந்து நிமிடம் உட்கார வைப்பது. பிறகு ஒற்றி எடுத்து, சாதாரண கிளீனிங் ஒரே ஒரு தடவை. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு மூக்கில் படியும், அதனால்தான் வடிநீர். கார் பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று பெட்ரோல் நிலையத்தில் விற்பார்கள். வாங்கும்போது அமிலம் கலக்காத வெறும் தண்ணீர்தானா என்று படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது விடுமுறையிலும் வாரம் ஒரு தாள் அடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அடைப்பு வரவில்லை.

செலவைச் சொல்கிறேன். கறுப்பு 100 மில்லி 18 வெள்ளி, கலர் மூன்று பாட்டில் சேர்ந்து 30 வெள்ளி, ஊசியும் சிரிஞ்சும் நாலு செட் 6 வெள்ளி, ரப்பர் மூடி 5 வெள்ளி. தராசு ஏற்கெனவே இருந்தது. 5 மில்லி கறுப்புக்கு 90 சென். என் தடித்த எழுத்தில் 80 பக்கம் என்று வைத்தாலும் பக்கத்துக்கு ஒரு சென்னைச் சுற்றித்தான். வீணான சாய மையும் செத்துப்போன முதல் கார்ட்ரிஜும் சேர்த்தாலும் போட்ட காசு சீக்கிரமே திரும்பிவிட்டது.

அடுத்த தடவை சிலவற்றை மாற்றிக்கொள்வேன். மை 100 மில்லிக்கு மேல் வாங்குவதில்லை. பிக்மென்ட் வைத்திருந்தால் அடியில் படியும். நிரப்புவதற்கு முன் பாட்டிலை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும், குலுக்கினால் நுரை. நுரை உள்ளே போனால் காற்றுதான் போகிறது. கையுறை போடாமல் தொடுவதில்லை, பிக்மென்ட் நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் இருக்கும். வேலை செய்யும் இடம் சிமெண்டுத் தரையாக இருக்கட்டும், பாய் விரித்த இடம் வேண்டாம்.

மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கிறவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை, டேங்க் பிரிண்டர் வாங்கிக்கொள்ளட்டும். நம் பக்கத்து நாடுகளில் ஆட்கள் தாங்களே டியூப் வைத்து, வெளியே டப்பா மாட்டி ஓட்டியதைப் பார்த்துத்தான் எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் முதல் டேங்க் பிரிண்டரை இறக்கியது. 664ஆம் நம்பர் கறுப்புப் பாட்டிலில் 70 மில்லி மை, மூடியைத் திறந்து ஊற்றினால் முடிந்தது. என் பிரிண்டர் நின்றுபோனால் நானும் அதற்குத்தான் மாறுவேன். இதுவோ நன்றாக ஓடுகிறது, ஓடுகிறதைத் தூக்கிப் போட மனசில்லை.

இந்தக் கார்ட்ரிஜின் மூக்கிலும் இரண்டு மெல்லிய கோடு இப்போது நிரந்தரமாக விட்டுப்போகிறது. எழுத்தில் தெரியவில்லை, சோதனைப் பக்கத்தில் மட்டும் தெரிகிறது. அது நாலு, ஐந்து என்று கூடி எழுத்தில் தெரிய ஆரம்பித்தால் புதுசு ஒன்று வாங்க வேண்டியதுதான். வாங்கியதும் பிரிண்டரில் போடுவதற்கு முன்பே தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்வேன். அப்போது முதல் நாளிலிருந்தே சரியான கணக்கு கையில் இருக்கும்.